வாளி நிறையும் வரை

பதுளையில் கார் செட் பூட்டுகிற கடைக்குப் போனால் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன பாட்டு கேப்பீங்க?" என்பதுதான். குத்துப் பாட்டு என்றால் டிக்கியில் பெரிய பெட்டி வேண்டும். பழைய பாட்டு என்றால் கதவில் இரண்டு ஸ்பீக்கர் போதும். சாமிப் பாட்டு என்றால் எது இருந்தாலும் சரி. கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு செட் வேண்டியிருந்தது பாட்டுக்காக இல்லை, அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற என் பெண்சாதி போனில் பேசி அனுப்புகிற வொய்ஸைக் கேட்பதற்காக என்று முன்பின் தெரியாத மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"எல்லாப் பாட்டும்தான் நானா" என்று சொல்லி வைத்தேன்.

மகள் பால்குடி மறந்த கையோடு அவள் புறப்பட்டுப் போனாள். இப்போது மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள், அவளுடைய தாயைப் போலவே. ஆனால் தாயின் பேச்சுதான் நின்றுபோய்விட்டது. போன புதிதில் இரவு பகல் பாராமல் வொய்ஸ் வரும். அந்த வீட்டுத் தரைக் கல்லின் நிறம், குளிர்சாதனத்தில் வந்த தடிமன், அவர்கள் சோற்றில் போடுகிற முந்திரிகை என்று ஒன்று விடாமல் சொல்வாள். பிறகு பிறகு எல்லாம் சுருங்கிப்போனது. "என்னாங்க, நல்லா இருக்கீங்களா, பாப்பா சாப்டாளா, நான் நல்லா இருக்கேன்" என்ற அளவோடு சரி. அதுவும் யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல நடுவிலேயே முடிந்துவிடும். குரலும் தாழ்ந்துபோயிருந்தது. என்னிடம் பேச அவளுக்கு விருப்பம் விட்டுப்போய்விட்டதோ என்ற புழு எனக்குள் புகுந்துவிட்டது. வெளியில் சொல்லவும் முடியாது, அடக்கி வைக்கவும் முடியாது. காரில் ஆள் ஏற்றி ஹயர் ஓடும்போது எதிரே வருகிற பஸ்காரன்மேல் எரிந்து விழுவேன்.

அவள் குறைத்துப் பேசுகிறவள் இல்லை. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு பீலி இருக்கிறது. மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் ஒரே ஒரு குழாய் வழியாக விழும். லயத்துக்கே அதுதான் குளிக்க, குடிக்க, கழுவ. கொழுந்து நிறுத்து வந்த பெண்கள் வாளி, கேன், குடம் எல்லாவற்றையும் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். என் பெண்சாதி குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவாள். கதை எவ்வளவு சூடாகப் போனாலும் வாளி நிறைகிற நேரத்துக்குச் சரியாக அவள் கை பின்னால் போகும். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரிசையில் நின்று வளர்ந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் காது உண்டு. அடி வாளிக்கு ஒரு சத்தம், பாதி வாளிக்கு ஒரு சத்தம், கழுத்து வரைக்கும் வந்தால் வேறு சத்தம். யாராவது குழாயடியில் தண்ணீரை வீணாக ஓடவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு அவளிடம் நல்ல பூசை நடக்கும்.

லயத்து வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. இருந்தாலும் வீட்டுக்குள் வைத்துக் கேட்க முடியாது. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாமல் பாதியில் நிற்கிறது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்று வாழ்த்துவார்கள். மேலே ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கேதான் போனுக்கு உயிர் வரும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு, அந்த வளைவில் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினால், எங்களுக்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே அறை அதுதான்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல கை மாறி வந்த ஒரு சின்ன இந்தியக் கார். அதில் பசறைக்கும் பதுளை ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிப் பிழைக்கிறேன். அதில் கெசட் போடுகிற பழைய செட் ஒன்று இருந்தது. அதில் வேலை செய்தது ரேடியோ மட்டும்தான். என் போன் ஒருமுறை சாக்கடைக் கானில் விழுந்து எழும்பியதிலிருந்து அதன் சொந்த ஸ்பீக்கர் தகரத்துக்குள் மாட்டிய வண்டுபோல் கரகரக்கும். காதில் மாட்டுகிற வயரைச் செருகும் ஓட்டையும் துருப்பிடித்துப்போனது. அதனால் சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகுகிற ஒரு சின்னச் சாமானை வாங்கி மாட்டியிருந்தேன். போனில் வருகிற சத்தத்தை அது ரேடியோவுக்கு அனுப்பும். அனுப்பும் என்பது பேச்சுக்கு. எங்கள் மலையில் எந்த ரேடியோ எந்தப் பக்கத்திலிருந்து நுழையும் என்று யாருக்கும் தெரியாது. என் பெண்சாதி "சாப்டீங்களா" என்று கேட்டால், சிங்களத்தில் ஒருத்தி குளிக்கிற சவர்க்காரத்தின் அருமையைச் சொல்லிப் பதில் தருவாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ஸ்ஸ் என்று, ஓயாமல்.

ஒருநாள் மகள் ஸ்பீக்கரைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னாள்: "இது அம்மா இல்ல. ரேடியோ."

"அம்மாதான் பாப்பா. ஒன் பேர சொன்னாங்கல்ல?"

"இல்ல. ரேடியோக்காரங்க."

அன்றைக்குத்தான் செட்டை மாற்றுவது என்று முடிவு செய்தேன். தாயின் முகத்தைப் போட்டோவில் மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் குரலும் இல்லாமல் போனால் பிறகு என்ன மிச்சம்? நல்ல போன் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் நல்ல போன் ஹயர் பிடித்துத் தராது. நல்ல செட் பிடித்துத் தரும். பாட்டுச் சத்தம் இல்லாத வண்டியில் இளந்தாரிகள் ஏறமாட்டார்கள். எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

நானா எதையும் புதிதாகக் காட்டவில்லை. என் சட்டையைப் பார்த்தே என் கையிருப்பைத் தெரிந்துகொண்டார். வேறொரு காரிலிருந்து கழற்றிய செட் ஒன்றை எடுத்து வைத்தார். போனோடு வயர் இல்லாமல் சேர்ந்துகொள்ளுமாம். முன் கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கர். "பெட்டியும் ஒண்ணு போட்டுக்கோங்க தம்பி. இல்லாட்டி சத்தம் சப்புண்டு இரிக்கும்" என்றார். பெண்சாதியின் குரலுக்குப் பெட்டி எதற்கு? வேண்டாம் என்றேன். செட்டை மட்டும் அவர் பூட்டினார். ஸ்பீக்கரை நானே பூட்டிக்கொள்வதாகச் சொல்லிக் கொண்டுவந்துவிட்டேன்.

கதவைக் கழற்றிப் பார்த்தால் பழைய ஸ்பீக்கரின் தாள் நமுத்த அப்பளம் போலக் கையோடு வந்தது. எங்கள் பக்கத்துப் பனிமூட்டத்துக்கு எந்தத் தாள்தான் தாங்கும்? கதவுத் தகரம் தட்டினால் டின்போல் அதிர்ந்தது. அதிர்கிற தகரத்தில் எந்தக் குரலும் நிற்காது என்று எங்கோ பார்த்திருந்தேன். அதற்கென்று விற்கிற சாமான் என் கைக்கு எட்டாது. கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார் ஷீட்டில் மிச்சம் ஒரு சுருள் கிடந்தது. அடுப்பில் காட்டி இளக்கிக் கதவுக்குள்ளே ஒட்டினேன். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் வைக்க ரப்பர் வளையம் வேண்டும். அவள் விட்டுப்போன செருப்பு வாசலில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என் செருப்பை வெட்டினேன்.

ரேடியோவைப் போட்டதும் எனக்கே நம்ப முடியவில்லை. பாட்டு கண்ணாடிமாதிரி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "கோயில் தேருக்கு மைக் செட் வேணாம் போல, ஒங்க கார நிப்பாட்டுனா போதும்" என்று கிண்டலடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு வளைவுக்குப் போய் அவளுடைய வொய்ஸைப் போட்டேன். சிங்களப் பெண் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆனால் இரைச்சல் இருந்தது. அதே ஸ்ஸ்ஸ். முன்னைவிடத் தெளிவாக, பெரிதாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாளே பதுளைக்கு ஓடினேன். நானா எர்த் சரியில்லை என்றார். வயர் பூட்டிய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் திரும்ப இறுக்கினார். பிறகு கரன்ட் வயரை ஒரு பக்கமும் ஸ்பீக்கர் வயரை மறு பக்கமும் இழுத்துவிட்டார். தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை.

"எங்க தம்பி இரைச்சல்? காட்டுங்களே பாப்பம்."

காட்டுவதென்றால் அவள் வொய்ஸைப் போட வேண்டும். நடுக்கடையில், நாலு பேர் நிற்கிற இடத்தில், என் பெண்சாதி பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்பதை நான் ஒலிபரப்ப வேண்டும். மாட்டேன் என்று மனம் சொன்னது. இப்போது சரியாகிவிட்டது என்று மழுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

பசறை தாண்டி மேலே ஏறும்போது மூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு லைட்கூடத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். வேறு வேலை இல்லை. அவளுடைய பழைய வொய்ஸ் ஒன்றைப் போட்டு, சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டினேன். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற வீறாப்பு. அவள் பேச்சை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் கேட்டேன்.

இரைச்சல் ஒரே மாதிரி இல்லை. தொடக்கத்தில் படபடவென்று தட்டையாக இருந்தது. பிறகு கனத்தது. பிறகு மெல்ல மெல்ல அதன் சுருதி உயர்ந்துகொண்டே போனது. என் கை தன்பாட்டில் பக்கத்து சீட்டுக்குப் போனது, அங்கே எதையோ தூக்குவதற்கு. அந்த நொடியில் கிறீச் என்று ஒரு சத்தம், குழாயைத் திருகிப் பூட்டுகிற சத்தம். அவள் பேச்சும் அங்கேயே அறுந்தது.

வாளி.

அடுத்ததைப் போட்டேன். அதற்கு முந்தியதைப் போட்டேன். எல்லாவற்றிலும் வாளி நிறைந்தது. நிறைந்ததும் அவள் நிறுத்தினாள். அவளுடைய குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. அது ஒரு சின்னக் குளியலறை. ஒன்றில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பழைய செட்டில் அதை ரோட்டுச் சத்தம் என்று நினைத்திருந்தேன். தட்டியதும் அவள் பேச்சில் வேகம் கூடுகிறது. "நான் நல்லா இருக்கேன்" என்பதை மூச்சுவிடாமல் சொல்கிறாள்.

தண்ணீரைச் சும்மா திறந்துவிட்டால் கைகலப்புக்கு வருகிறவள், பேசுவது வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். என்னிடம் பேச விருப்பம் விட்டுப்போனவள் இல்லை. ஒரு வாளி அளவுக்குத்தான் அவளுக்குப் பேச்சு கிடைத்திருந்தது. அதில் தன்னைப் பற்றி ஒரு சொல் வைக்காமல், பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டு முடித்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மூட்டத்துக்குள் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு மகளுக்கு வொய்ஸ் போடுகிற எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் புதுச் செட்டின் லைட்டைப் பார்த்ததிலிருந்து அவள் என்னை விடவில்லை. போட்டேன். கதவு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் மாறியது.

"அம்மா!"

"ஆமா பாப்பா."

"அம்மா தண்ணி புடிக்கிறாங்க."

தலையை ஆட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாய் கிறீச்சிடுவதற்குச் சரியாக முன்னால், "நெறஞ்சிருச்சு" என்றாள். பிறகு கதவைத் திறக்கப் பார்த்தாள். பீலிக்குப் போக வேண்டுமாம், அம்மா அங்கேதான் இருக்கிறாளாம். அது வேறு தண்ணீர், வேறு ஊர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தண்ணீரில் வேறு தண்ணீர் என்று ஒன்று இருப்பது அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் கூட்டிக்கொண்டு போனேன். பீலியடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். என்ன என்று அவர்கள் கேட்டார்கள். தண்ணீர் குடிக்க வந்தாள் என்றேன்.

பெண்சாதியை அனுப்பிவைத்த ஏஜென்சிக்குப் போனேன். பதுளையில் மாடியில் ஒரு அறை. அங்கிருந்த மேடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அடிக்கிறாங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"சாப்பாடு குடுக்கலன்னு சொன்னாங்களா?"

"நல்லா இருக்கேன்னுதான் சொல்றா. ஆனா சத்தத்த கேட்டா தெரியும்ங்க."

கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கீழே கூட்டி வந்து காரில் உட்காரவைத்தேன். கண்ணாடியை ஏற்றி, வொய்ஸைப் போட்டேன். வாளி நிறைந்தது. கதவு தட்டுகிற இடத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவர் டேஷ்போர்டை ஒருமுறை பார்த்தார்.

"சவுண்டு நல்லா இருக்கே. எங்க போட்டீங்க?"

எங்கே போட்டேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? இறங்கும்போது, "தண்ணிச் சத்தத்த வச்சிக்கிட்டு நாங்க எதுவும் செய்ய ஏலாது. அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அவர் சொன்னதில் பிழை என்று எதைச் சொல்வேன். உலகம் முழுவதும் வாயால் சொன்னதைத்தான் கேட்கிறது.

ஆகவே வளைவுக்குப் போய்ப் பெண்சாதிக்கு வொய்ஸ் அனுப்ப உட்கார்ந்தேன். பலதடவை பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: "இந்தா, புது செட்டு போட்டிருக்கேன். இப்ப எல்லாம் தெளிவா கேக்குது. நீ தண்ணிய தொறந்து வச்சிக்கிட்டு பேசுறதும் கேக்குது, கதவு தட்டுறதும் கேக்குது. ஒனக்கு அங்க கஷ்டம்னா ஒரு வார்த்த சொல்லு. ஒரு வார்த்த போதும்."

அதற்குப் பிறகு வொய்ஸ் வரவில்லை. ஹயருக்கு வந்தவர்களைப் பாதி வழியில் உட்காரவைத்துவிட்டு சிக்னல் உள்ள இடங்களிலெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். அப்புத்தளைக்கு ஓடிய நாளில் ஸ்டேஷனுக்கு வெளியே, பசறையில் மார்க்கெட்டுக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலில். இல்லை. என் வொய்ஸை அவள் கேட்ட நேரம் பக்கத்தில் யார் இருந்தார்கள், போன் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள் மாலை வந்தது. மகளும் பக்கத்தில் இருந்தாள். போட்டேன்.

"நான் நல்லா இருக்கேன். இந்த வீட்டு மேடம் நல்லவங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க கவலப்படாதீங்க. பாப்பாவ பாத்துக்கோங்க."

இரைச்சலே இல்லை. தண்ணீர் இல்லை, கதவு தட்டவில்லை. குரல் உரத்து, ஒவ்வொரு சொல்லும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தனித்தனியாக விழுந்தது. நான் இந்தச் செட்டை வாங்கும்போது எப்படிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அப்படியே கேட்டது. அவள் பேசி முடித்த பிறகும் வொய்ஸ் கொஞ்சம் ஓடியது. அந்த அமைதிக்குள் யாரோ பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்கள். பழைய ஸ்பீக்கராக இருந்தால் அது கேட்டிருக்காது.

மகள் என்னைப் பார்த்தாள்.

"இது அம்மா இல்ல."

நான் செட்டின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அம்மான்னா தண்ணி புடிப்பாங்க" என்றாள்.

அதன் பிறகு வருகிற வொய்ஸெல்லாம் இப்படித்தான் வருகின்றன. மாதத்துக்கு ஒன்று, சுத்தமாக. நல்லா இருக்கேன் என்கிறாள். ஏஜென்சி மேடத்திடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட அதில் எதுவும் இல்லை. மகள் அவற்றைக் கேட்பதும் இல்லை. வளைவுக்குப் போனதும் பழையதைப் போடச் சொல்கிறாள். போடுகிறேன். இரண்டு பேரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தாய் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். "சாப்டேன்" என்று இவள் ஸ்பீக்கருக்குப் பதில் சொல்கிறாள். வாளி கழுத்துக்கு வருகிறபோது "நெறஞ்சிருச்சு" என்கிறாள். திரும்பவும் முதலிலிருந்து போடுகிறேன்.